முதுகு பிடித்தபின் மறுபடி பார் தூக்க

டெட்லிஃப்டில், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையிலிருந்து தூக்கும்போது, முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்?" அந்த நாள் கணக்கு எனக்கு உதவவே இல்லை. என் முதுகு பிடித்தது பெரிய எடையில்கூட இல்லை. வார்ம்-அப்பில், வெறும் 60 கிலோவில். பலருக்கும் இப்படித்தான். அதன்பிறகு எடையை ஏற்றலாமா, இறக்கலாமா என்பதை மறுநாள் காலை முதுகு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்தேன். இன்றும் ஜிம்மில் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சிறுநீர் வராமல் நிற்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலமிழந்து பாதம் தொங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். அங்கே மணிக்கணக்கில் தாமதிப்பதே ஆபத்து. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்து அடிபட்டது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் புது வலி, இவற்றையும் மருத்துவர்தான் பார்க்கவேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டாமல் நீங்களாக எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சாதாரணப் பிடிப்புதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் அது சாதாரணமாகத் தெரியாது. படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, கால் இரண்டையும் கீழே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழுங்கள். படுக்கும்போது மல்லாந்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்தால் முதுகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தும்மல்தான் பெரிய எதிரி. வருகிறது என்று தெரிந்ததும் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வயிற்றை இறுக்கி, குனியாமல் நிமிர்ந்தே தும்முங்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கவேண்டாம், அது தேறுவதைத் தள்ளிப்போடும். மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

மாத்திரை விஷயம். ஆஸ்திரேலியாவில் 1,600 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பாராசிட்டமால் சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். பாதிப் பேர் 16, 17 நாட்களுக்குள் சரியாகிவிட்டார்கள். ஐபுப்ரோஃபென் வகை கொஞ்சம் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். எதைச் சாப்பிட்டாலும், மாத்திரை போட்டுக்கொண்டு எடை தூக்கப் போகாதீர்கள். முதுகு சொல்வது உங்களுக்குக் கேட்காமல் போய்விடும்.

ஸ்கேனுக்கும் ஓடவேண்டாம். "ஜவ்வு விலகியிருக்கு" என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு பாரையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) புடைத்திருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம்.

கூர்மையான வலி அடங்கியதும் மூன்று பயிற்சிகள் போதும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைப்பவை இவை. முதலாவது, மல்லாந்து ஒரு காலை மடித்து, இரண்டு கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக எடுப்பது. கையை முதுகு நசுக்கக்கூடாது. இரண்டாவது, ஒருக்களித்த பிளாங்க்: முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. மூன்றாவது, நாலுகாலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். முதல் செட்டில் (சுற்றில்) ஆறு முறை, அடுத்து நாலு, கடைசியில் இரண்டு.

கூடவே ஒரு துடைப்பக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதுகோடு ஒட்டிப் பிடித்தால் பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு என மூன்று இடம் தொடும். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை லேசாக மடித்துக் குனியுங்கள். மூன்றில் ஒன்று விலகினால் அங்கேயே நிறுத்துங்கள். அதுவரைதான் இன்றைக்கு உங்கள் குனிவு. பல பேருக்கு அது முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிடும், பரவாயில்லை.

எப்போது பாரைத் தொடலாம்? அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சுருக்கென்று இழுக்காமல் எழ முடிகிறது, சாக்ஸை நிம்மதியாகப் போட முடிகிறது, கட்டையோடு பதினைந்து முறை குனிந்து நிமிர்ந்தும் ஒன்றும் செய்யவில்லை என்றால் தொடலாம்.

இங்கே யாரும் சொல்லாத ஒரு பொறி இருக்கிறது. பாரில் மாட்டும் பெரிய பிளேட்டின் (எடை வட்டின்) விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எடை குறைக்கிறேன் என்று சின்ன இரும்பு பிளேட் மாட்டினால் பார் இன்னும் கீழே இறங்கிவிடும். எடை குறைந்தது, குனிவோ கூடிவிட்டது! ஆகவே பிளேட்டுக்கு அடியில் பிளாக் (கட்டை) கொடுத்து, அல்லது பார் வைக்கும் ரேக்கின் குறுக்குக் கம்பிகளில் வைத்து, பாரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். முதுகு பிடிப்பதற்கு முன் எட்டு முறை சுலபமாகத் தூக்கிய எடையில் 40 சதவீதம் போதும். எட்டு எட்டாக மூன்று செட், இறக்கும்போது மூன்று விநாடி. வாரத்துக்கு இரண்டு முறை.

தூக்கும்போது பத்துக்கு மூன்று வரை வலித்தால் தாங்கிக்கொள்ளலாம். மறுநாள் காலை எழுந்து முகம் கழுவக் குனியும்போது கவனியுங்கள். முந்தின நாள் காலை மாதிரியே இருந்தால் அடுத்த முறை ஐந்து கிலோ ஏற்றுங்கள். கூடுதலாக இறுக்கினால் ஒரு படி இறங்குங்கள், ஆனால் ஜிம்முக்குப் போவதை நிறுத்தாதீர்கள். எடை பழைய எடையில் பாதியைத் தாண்டியபின் பிளாக்கை ஒவ்வொன்றாக எடுங்கள். எடை ஏற்றுவதும் உயரம் குறைப்பதும் ஒரே நாளில் வேண்டாம்.

எழுந்தவுடன் தூக்கவும் வேண்டாம். இரவெல்லாம் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுப் போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்குவாட்டுக்கு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஆரம்பியுங்கள், பிறகு பாரை முன்தோளில் வைத்துச் செய்யும் ஃப்ரன்ட் ஸ்குவாட். குனிந்து இழுக்கும் ரோவுக்குப் பதில் நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்து இழுங்கள். லெக் பிரஸ்ஸில் பிட்டம் இருக்கையை விட்டுக் கிளம்பும் ஆழத்துக்குப் போகாதீர்கள். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டைக் கொஞ்ச நாள் பையிலேயே விட்டுவிடுங்கள். செட்டெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, பேசிக்கொண்டே 20 கிலோ பிளேட்டைத் திருகிக் குனிந்து எடுக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்பவர்கள் அதிகம். பிளேட் எடுப்பதும் ஒரு ரெப்தான் (ஒருமுறை தூக்குவதுதான்).

முதுகு பிடித்த அந்த எடை வரும்போது பயம் வரும். பாரைப் பிடித்ததுமே உடம்பு விறைத்து, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். நான் 60-ஐத் தாண்டிக் குதித்தேன்: ஒரு வாரம் 55, அடுத்து 65. அறிவியல் எதுவும் இல்லை, வேலை செய்தது.

ஒருமுறை பிடித்த முதுகு ஒரு வருடத்துக்குள் திரும்பப் பிடிப்பது சகஜம். அதற்கு நடைதான் நல்ல காப்பு. 2024-இல் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து தேறியவர்களுக்கு வாரம் ஐந்து நாள், அரைமணி நேரம் வரை நடக்கப் பழக்கினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாளானது, பழக்காதவர்களுக்கு 112. எடை தூக்காத நாட்களில் நடையைப் போடுங்கள். மூன்று பயிற்சிகளையும் டெட்லிஃப்டுக்கு முன்னால் வார்ம்-அப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பிடித்தால் மறுபடி பிளாக், மறுபடி 40 சதவீதம். பெரும்பாலும் இரண்டாம் முறை சீக்கிரமே மேலே வந்துவிடலாம், ஏனென்றால் வழி தெரிந்திருக்கும்.