குடக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள்

ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தரச் சொல்லி வருபவர்களில் பாதிப் பேர் "ஊராட்சித் தலைவர் திருடுகிறார்" என்றே ஆரம்பிக்கச் சொல்வார்கள். எழுத மாட்டேன். திருட்டு என்று எழுதினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். "கிழக்குத் தெருவில் குழாய் இருந்தும் தண்ணீர் ஏன் வரவில்லை?" என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

முதலில் ஒரு நாள் விடியற்காலையில் ஊரைச் சுற்றி வாருங்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பதினெட்டு. நான் போன அன்று கோயில் தெருவில் வாசல் தெளிக்கவும் தண்ணீர் இருந்தது. ஆதிதிராவிடர் குடியிருப்பில் கடைசி வீட்டு அக்கா நாலாவது குடத்தை வைத்தபோது குழாய் காற்றைத்தான் விட்டது. பதிவேட்டில் இரண்டு வீட்டுக்கும் 'இணைப்பு உண்டு'. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் அந்த அக்காவுக்கு இன்னும் பதினைந்து குடம் பாக்கி.

அப்புறம் காகிதம். தகவல் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(1)-ன் கீழ் வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதில் 'ஏன்' வேண்டாம். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். குழாய் வேலையின் மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்.புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன்' என்ற கேள்வியைக் கிராம சபைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தனியாகப் போகாதீர்கள். ஒற்றை ஆள் எழுந்தால் 'இவருக்கு எப்பவும் இதே வேலை' என்று உட்கார வைத்துவிடுவார்கள். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் பத்துப் பேரோடு போய், அந்த அக்காவையே பேச விடுங்கள்.

தலைவர் பெண்ணாக இருந்து, அவர் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தால், "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்று தலைவரைப் பார்த்துக் கேளுங்கள். 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால், அவர் உங்கள் பக்கத்து ஆளாக இருந்தாலும் நிறுத்துங்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். விமர்சனம் என்ற பெயரில் நாமும் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

எங்கள் ஊரில் 2025 ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். அப்போது கேள்வியும் மேலே போக வேண்டும். ஐந்தாண்டு முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243E பிரிவு. அதை எழுதி ஏன் நடத்தவில்லை என்று உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடைசியாகக் கையெழுத்து. ஒருமுறை வருகைப் பதிவு என்று சொல்லி என்னிடம் வாங்கிய கையெழுத்துக்கு மேலே, நான் கேட்டே இராத தீர்மானம் பிறகு ஏறியிருந்தது. அதிலிருந்து, தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்வேன். கடைசி வரிக்கும் என் பெயருக்கும் நடுவில் இடம் இருந்தால், பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.