முட்டை வெடித்தும் ஏன் தங்கவில்லை? சிகிச்சைக் காலத்தில் விடக்கூடாத தவறுகள்

"முட்டை நல்லா வளர்ந்து வெடிச்சிட்டு எண்டு டொக்டர் சொன்னாரு. பிறகும் ஏன் அக்கா தங்கல்ல?" கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை, பிள்ளைக்காக மருந்தெடுக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. தன் உடம்புதான் ஏதோ பிழை செய்துவிட்டது என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கும். ஆனால் முட்டை வெடிப்பது பல படிகளில் ஒரு படிதான். அதற்குப் பிறகு நடக்க வேண்டியவை எல்லாம் அவளுடைய உடம்பை மட்டும் பொறுத்தவை அல்ல.

ஸ்கேனில் தெரிவது முட்டை அல்ல, முட்டை இருக்கும் நீர்ப்பை. 18, 20 மில்லிமீற்றர் என்று துண்டில் எழுதித் தருவது அந்தப் பையின் அளவைத்தான். முட்டை ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான் இருக்கும், ஸ்கேனுக்கு அகப்படாது. பை வெடித்தால் முட்டை வெளியே வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அது தரமான முட்டையா, கருப்பைக்குக் கொண்டுபோகும் குழாய் அதை உள்ளே இழுத்ததா, விந்தணு அதைச் சந்தித்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது. ஒரு குறையும் இல்லாத இளம் சோடிகளில்கூட ஒரு மாதத்தில் கரு தங்குவது 100 பேரில் 20, 25 பேருக்குத்தான். இதை அறியாமல், ஒரு மாதம் சரிவராததும் பழைய துண்டுகளை வீட்டில் வைத்துவிட்டு வேறு டொக்டரிடம் போகிறார்கள். அங்கே அதே குளிசை முதலிலிருந்து தொடங்குகிறது. காசும் காலமும்தான் போகும்.

நாள் கணக்கில் விடும் தவறு இன்னும் அதிகம். வெடித்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். அப்படியென்றால் முட்டை வரும்போது விந்தணு அங்கே ஏற்கனவே போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை வெடிக்க ஊசி போட்டால், ஏறத்தாழ 36 முதல் 40 மணித்தியாலத்தில் வெடிக்கும். பலர் "வெடிச்சிட்டா எண்டு பாத்திட்டுச் சேருவம்" என்று அடுத்த ஸ்கேன் வரைக்கும் பொறுத்திருக்கிறார்கள். அந்த ஸ்கேன் டொக்டருக்கான சான்று. அதைப் பார்த்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். வாய்ப்பு அதிகமுள்ளது முட்டை வெடிப்பதற்கு முந்திய இரண்டு நாட்களில்தான். விந்து கட்டியாகட்டும் என்று பத்து, பதினைந்து நாள் விலகியிருந்து ஒரே நாளை நம்பியிருப்பதும் பிழை. அந்த நாட்களில் தினமுமோ ஒன்றுவிட்ட ஒரு நாளோ சேர்வதே நல்லது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். சின்ன வீடு, தடுப்புச் சுவர், அந்தப் பக்கம் மாமா மாமி. டொக்டர் குறித்துக் கொடுத்த நாளில்தான் வீட்டுக்கு ஆட்களும் வந்து நிற்பார்கள். இது வெளியே சொல்ல முடியாத சிக்கல், ஆனால் உண்மையான சிக்கல். கட்டார், சவூதியில் வேலை செய்யும் கணவன் லீவில் வந்து நிற்கும் ஒரு மாதத்துக்குள் எல்லாம் நடந்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்தால் சேர்வதே ஒரு கடமையாகிவிடும். அவர் வரும் திகதியையும் மாதவிடாய்க் கணக்கையும் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி, அதற்கேற்பச் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் மனம் நோவது, கணவனைச் சோதிக்காமல் மனைவிக்கு மாதம் மாதமாகக் குளிசை கொடுப்பது. பிள்ளை தாமதமாகும் சோடிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆண் பக்கத்துக்கும் பங்கு உண்டு. அப்படியிருந்தும் அவள் முட்டை வளர்வதற்கான குளோமிபீனோ லெட்ரசோலோ விழுங்கி, ஸ்கேனுக்கு பஸ்ஸில் ஓடி, ஊசியும் போட்டு முடித்த பிறகுதான், அதுவும் கெஞ்சிக் கேட்டபின், அவர் விந்துப் பரிசோதனைக்கு வருகிறார். "எனக்கு ஒண்டும் இல்ல" என்ற சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆண்மை வேறு, விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் வேறு.

அந்தப் பரிசோதனையைச் செய்யும் விதத்திலும் பிழை நடக்கிறது. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்து கொடுக்க வேண்டும். சவர்க்காரமோ எண்ணெயோ பாவிக்கக் கூடாது, சாதாரண ஆணுறையில் சேர்க்கவும் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் ஒளிக்காமல் லேப்பில் சொல்லிவிட வேண்டும். மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும், போகும் வழியில் உடம்புச் சூட்டோடு இருக்க வேண்டும். படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு வருபவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நேரம் போதாது என்றால் லேப்பிலேயே இடம் கேட்டு அங்கே கொடுப்பதுதான் சரி. ஒரு தடவை குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம், இன்னொரு தடவை செய்து பார்ப்பார்கள்.

விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். இன்று சிகரெட்டை நிறுத்தினால் நாளைக்குப் பலன் தெரியாது, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். விதைப்பைக்கு உடம்பைவிடக் குறைந்த சூடு தேவை. நாள் முழுதும் எஞ்சின் சூட்டில் இருந்து அறுவடை மெஷின் ஓட்டுபவர்களும் பேக்கரி அடுப்பண்டை நிற்பவர்களும் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். உடம்பு ஏற்ற ஜிம்மில் போடும் ஹோர்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. இளம் ஆட்கள் இதை அறியாமல் போடுகிறார்கள்.

குழாயையும் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் முன்பு கிருமித்தொற்று வந்தவர்களுக்கும், குடல்வால் வெடித்து சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், மாதவிடாயில் தாங்கமுடியாத வலி உள்ளவர்களுக்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். அடைபட்ட குழாயோடு எத்தனை மாதம் முட்டை வெடித்தாலும் பயனில்லை. அந்த மாத இரத்தப்போக்கு நின்றபின் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். வலிக்கும் என்று பயந்து அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். முன்கூட்டியே வலிக்குளிசை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஆனால் முட்டை வெடிக்கும் நாட்களில் டைக்ளோபினாக், இபுப்ரோபன் போன்றவற்றைப் பாமசியில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பை வெடிப்பதை அவை தடுக்கலாம். தலையிடிக்குப் பரசிட்டமோல் போதும். சேரும்போது எச்சில் பாவிப்பதும் விந்தணுவுக்கு நல்லதல்ல.

முட்டை வந்ததா என்று இரத்தத்தில் பார்க்கும் சோதனையை எல்லோரும் 21ஆம் நாளில் செய்துவிடுகிறார்கள். அது 28 நாள் சுற்று உள்ளவருக்கான கணக்கு. 35 நாளைக்கு ஒருதடவை மாதவிடாய் வருபவர் 28ஆம் நாளில் செய்ய வேண்டும்.

முட்டை வெடித்த பிறகு, தங்குமா என்று காத்திருக்கும் இரண்டு வாரம்தான் கொடுமை. படுத்தே கிடக்க வேண்டியதில்லை. சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். வெடிக்கப் போட்ட ஊசி உடம்பில் 10 முதல் 14 நாள் வரை இருந்து, கர்ப்பம் இல்லாமலே கர்ப்பச் சோதனையில் இரண்டு கோடு காட்டக்கூடும். அதை நம்பி ஊருக்குச் சொல்லிவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். புரொஜெஸ்டரோன் குளிசையால் மார்பு நோவு வரும், மாதவிடாயும் பிந்தும். லேசாக இரத்தம் கண்டதும் அந்தக் குளிசையை நீங்களே நிறுத்திவிடாமல் கிளினிக்கில் கேளுங்கள். 35 வயது தாண்டியவர்கள் சும்மா குளிசையில் காலத்தைக் கடத்தாமல், அடுத்த படி என்ன என்று நேரே கேட்க வேண்டும்.

கோடு உண்மையாகவே விழுந்து, ஒரு பக்கத்து அடிவயிற்று வலியோ, தலைச்சுற்றோ, தோள்மூட்டு வலியோ வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். இரவு என்று பாராமல், கிளினிக் நாள் வரும்வரை பொறுக்காமல், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.