பக்கத்து வானில் பழுப்புக் குறுமீன் தேடுவது எப்படி

பழுப்புக் குறுமீன் என்பது விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத, மங்கலான, குளிர்ந்த பொருள். சூரியனிலிருந்து 6.5 ஒளியாண்டு தூரத்தில் உள்ள லூமன் 16 என்ற இரட்டைப் பழுப்புக் குறுமீனை 2013 வரை யாரும் அடையாளம் காணவில்லை. பால்வெளித் தளத்தை ஒட்டிய நட்சத்திர நெரிசலுக்குள் அது இருந்ததால், பல தேடல்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கெவின் லூமன் அதைப் பிடித்தது வைஸ் விண்தொலைநோக்கி எடுத்திருந்த அகச்சிவப்புப் படங்களில். அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் தேடலாம்.

தேட வேண்டியவை இரண்டு: நிறம், நகர்வு. வைஸ் 3.4 மைக்ரானில் ஒரு படமும் (டபிள்யூ1) 4.6 மைக்ரானில் ஒரு படமும் (டபிள்யூ2) எடுத்தது. குளிர்ந்த பழுப்புக் குறுமீனில் உள்ள மீத்தேன் முதல் அலைநீளத்து ஒளியை விழுங்கிவிடும். இரண்டாவதில் ஒளி தப்பி வெளியே வரும். அதனால் டபிள்யூ1 பொலிவெண்ணிலிருந்து (பொருள் மங்கலாக இருக்க இருக்கக் கூடும் எண்) டபிள்யூ2 பொலிவெண்ணைக் கழித்தால் செங்குறுமீன் என்ற சிறிய சிவப்பு விண்மீனுக்குச் சுமார் 0.2, அதைவிடக் குளிர்ந்த எல் வகைக்கு 0.3 முதல் 0.5, இன்னும் குளிர்ந்த டி வகையின் நடுப்பகுதிக்கு 1-க்கு மேல், அதன் குளிர்ந்த முனையில் உள்ள டி8 போன்றவற்றுக்கு 2-க்கும் மேல் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மையத்தில் கருந்துளை கொழுந்துவிட்டு எரியும் தொலைதூர கேலக்ஸிகளும் 0.8-ஐத் தாண்டும். அவை நகராது. தீர்ப்புச் சொல்வது நகர்வுதான்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள். வைஸ் படங்களை ஆண்டு வரிசையில் ஓட்டிக் காட்டும் வைஸ்வியூ என்ற இணையக் கருவியைத் திறந்து, வல ஏற்றம் 133.795, நடுவரை விலக்கம் −7.245 (வானின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை) என்று பாகையில் கொடுங்கள். அகலம் 300 வில்விநாடி (பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) இருக்கட்டும். அங்கே ஆரஞ்சு நிறத்தில் வலப்பக்கமாக, அதாவது மேற்கே, ஓடுவது வைஸ் 0855−0714 என்ற பழுப்புக் குறுமீன், 7.4 ஒளியாண்டு தூரம், ஆண்டுக்கு 8.1 வில்விநாடி வேகம். வெப்பநிலை தண்ணீரின் உறைநிலையை ஒட்டியது.

ஓட்டத்தில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். ஒரு பிக்சல் 2.75 வில்விநாடி; அரையாண்டுக்கு ஒரு சட்டம், அதாவது ஓட்டத்தில் ஒரு படம். ஆகவே இது சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை பிக்சல் நகர வேண்டும். ஆனால் 2010 சட்டங்களுக்கு அடுத்ததில் திடீரென்று 10 பிக்சல் தாவும். பழுது ஒன்றுமில்லை. 2011 பிப்ரவரியில் உறங்கவைத்த வைஸ் 2013 டிசம்பரில்தான் மீண்டும் படமெடுக்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்துக்குப் படமே கிடையாது. நிஜமாக நகரும் எதுவும் இந்த இடத்தில் தாவியே ஆகவேண்டும். தாவாமல் ஒரே சீராக ஊர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

சொந்தத் தேடலுக்கு அகலத்தை 120 வில்விநாடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 0.3 வில்விநாடி நகர்வது 2010 முதல் 2024 வரை மொத்தமே ஒன்றரை பிக்சல்தான் போகும். வேகமாக ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் சட்டத்தையும் கடைசிச் சட்டத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

நேரம் தின்பது கழித்துக்கட்டும் வேலைதான். ஒரே சட்டத்தில் தோன்றி மறைந்தால் சிறுகோள். பிரகாசமான நட்சத்திரத்தின் அருகே ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தில் இடம் மாறினால், அது நட்சத்திர ஒளியின் சிதறல். தொலைநோக்கியின் வருடும் திசை அரையாண்டுக்கொருமுறை திரும்பியதால் அப்படி. மோசமான ஏமாற்று வேறொன்று: வைஸால் சுமார் 6 வில்விநாடிக்குள் இருக்கும் இரண்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒட்டிய இரண்டில் ஒன்று மங்கிப் பொலிந்தால், புள்ளியின் மையம் அசைந்து நகர்வு போலவே தெரியும். பான்ஸ்டார்ஸ் என்ற, இன்னும் கூர்மையான தரைத் தொலைநோக்கிப் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். டிஎஸ்எஸ் என்ற பழைய வான் ஒளிப்படத் தொகுப்பின் நீலத் தகட்டில் பளிச்சென்று இருந்தாலும் அது குளிர்ந்த பொருள் ஆகாது.

மிஞ்சியதை சிம்பாட், விசியர் என்ற இரு இணைய வான்பொருள் தரவுத்தளங்களிலும் 60 வில்விநாடி ஆரத்தில் தேடுங்கள். 5 வில்விநாடி போதும் என்று நினைப்பது புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்: பட்டியலில் இருப்பது 2000-ஆம் ஆண்டின் இடமாக இருந்தால், வேகமான பொருள் அதற்குள் வெளியே போயிருக்கும்.

பிறகு ஒரு கணக்கு. குறுக்கு வேகம் = 4.74 × ஆண்டு நகர்வு × பார்செக்கில் தூரம் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). டி8 வகையின் தனிப் பொலிவெண் (10 பார்செக் தூரத்தில் இருந்தால் தெரியும் பொலிவெண்) டபிள்யூ2-இல் சுமார் 13. உங்கள் பொருள் 15 என்றால் தூரம் 25 பார்செக். நகர்வு 0.5 என்றால் நொடிக்கு 59 கி.மீ.; நம்பலாம். சில நூறு கி.மீ. வந்தால், வகையைத் தவறாக ஊகித்திருக்கலாம்.

கணக்கும் பொருந்தினால் பாகையில் இடம், அந்த இடத்துக்குரிய ஆண்டு, இரு பொலிவெண்கள், வைஸ்வியூ இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்து பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் என்ற தன்னார்வலர் தேடல் திட்டத்தின் படிவத்தில் அனுப்புங்கள். 2017-இல் தொடங்கிய இத்திட்டத்தின் ஆய்வுக் கட்டுரைகளில் தன்னார்வலர்கள் இணை ஆசிரியர்களாக வந்திருக்கிறார்கள். அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும்வரை உங்களிடம் இருப்பது வேட்பாளர் மட்டுமே.

செங்குறுமீன் தேடுவோருக்கு இவ்வளவு கண்வலி வேண்டாம். கையா விண்தொலைநோக்கியின் டிஆர்3 என்ற மூன்றாம் வெளியீட்டுப் பட்டியலில் இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் தெரியும் சிறு இட அசைவு) 50 மில்லி வில்விநாடிக்கு மேல் என்று கேட்டால் 20 பார்செக்குக்குள் இருப்பவை வந்துவிடும். கூடவே, அந்த அளவு தன் பிழையைப்போல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். நெரிசலான பகுதிகளில் பொய்யான பெரிய மதிப்புகள் நிறைய. அளவீடு ஒற்றை விண்மீனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர்யூடபிள்யூஇ எண் 1.4-க்கு மேல் போனால் இணை விண்மீன் ஒன்று ஒளிந்திருக்கலாம். அதை மட்டும் தூக்கி எறியாமல் தனியே எடுத்துவையுங்கள்.