சிட்னியா, அடிலெய்டா: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆஸ்திரேலிய விசா கைக்கு வந்ததும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, எந்த ஊரில் போய் இறங்குவது என்பதுதான். சிட்னியில் மாமா மகன் இருக்கிறார், அடிலெய்டில் கல்லூரித் தோழி இருக்கிறார், இருவருமே தத்தம் ஊரைத்தான் புகழ்கிறார்கள். இருவரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டின் ஊரைப் பற்றி, அவர்களுடைய தொழிலுக்குச் சோறு போட்ட ஊரைப் பற்றி. அடிலெய்டில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சிட்னியின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவன் என்பதால் இந்த இரண்டு ஊர்களை வைத்தே எழுதுகிறேன். பெர்த், கான்பெரா, ஹோபார்ட் என்று யோசிப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

தேர்வு உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தொழில்திறனுக்குப் புள்ளி போட்டுத் தரப்படும் விசாக்களில், 189 விசாவில் வருபவர் எங்கு வேண்டுமானாலும் குடியேறலாம். 190 விசா ஒரு மாநிலத்தின் பரிந்துரையால், 5 கூடுதல் புள்ளிகளோடு கிடைப்பது; அந்த மாநிலத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வாழ்வீர்கள் என்று அது எதிர்பார்க்கிறது. 491 விசா இவற்றிலிருந்து வேறுபட்டது. 15 புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும் அந்த ஐந்தாண்டு விசாவுக்கு, பிராந்தியப் பகுதியில்தான் வாழவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும் என்பது சட்ட நிபந்தனை. மூன்று ஆண்டுகள் அவ்வாறு இருந்து, மூன்று நிதியாண்டுகளுக்கான வருமானவரி மதிப்பீட்டுக் கடிதங்களைக் காட்டிய பிறகே 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். நடுவில் சிட்னியில் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினால், அதுவரை பட்ட பாடு முழுவதும் ஆபத்துக்கு உள்ளாகும்.

பிராந்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் கங்காரு மேயும் பொட்டல் வெளியைக் கற்பனை செய்துகொண்டு மிரண்டவர்களை எனக்குத் தெரியும். 2019 நவம்பருக்குப் பிறகு சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர நாட்டின் மற்ற எல்லா இடங்களும் அந்த வரையறைக்குள் அடங்கும். ஏறத்தாழ 14 லட்சம் பேர் வாழும் அடிலெய்டும் அதில் உண்டு, நாட்டின் தலைநகரமும் உண்டு.

விசா தடுக்கவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது வேலை. முதல் வேலை எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்த வேலை போனால் இரண்டாவது வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் ஊரைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான். சிட்னியில் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றின் தலைமையகங்கள் குவிந்திருப்பதால், ஓரிடத்தில் ஆட்குறைப்பு நடந்தாலும் வீட்டையோ பிள்ளையின் பள்ளியையோ மாற்றாமல், அதே ரயிலில் ஏறி வேறொரு நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது. அடிலெய்டில் உங்கள் சிறப்புத் துறைக்கு ஆள் எடுப்பவர்கள் மூன்று பேர் என்றால், மூன்று பேர்தான். 2017 அக்டோபரில் எலிசபெத் பகுதியில் இருந்த ஹோல்டன் கார் ஆலை மூடப்பட்டபோது அங்கே வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அதற்கு உதிரிபாகம் செய்தவர்களும் சேர்ந்து தவித்ததை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

இதனால் சிறிய ஊர் எல்லோருக்கும் பாதகம் என்று ஆகிவிடாது. செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், ஆசிரியர், மின்பணியாளர் போன்றோருக்கு எல்லா ஊரிலும் தேவை இருக்கிறது. ஊதிய வித்தியாசமும் வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. ராயல் அடிலெய்டு மருத்துவமனையிலோ தெற்கே ஃபிளிண்டர்ஸ் மருத்துவமனையிலோ பணிபுரியும் ஒரு செவிலியர், வேலை முடிந்து இருபது நிமிடங்களில் வீட்டில் இருப்பார். சிட்னியில் அதே ஊதியக் கணக்கில் அவருக்கு அது எளிதில் அமையாது.

பொறியாளர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அடிலெய்டில் பொறியாளர் வேலைக்கான விளம்பரங்கள் எண்ணிக்கையில் கண்ணைப் பறிக்கும். அவற்றில் கணிசமானவை ஆஸ்போர்ன் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தையும் எடின்பரோ ராணுவப் பாதுகாப்பு வளாகத்தையும் சுற்றியவை, ஆஸ்திரேலியக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் கேட்பவை. குடியுரிமைக்கு நான்கு ஆண்டுகள் சட்டப்படியான வசிப்பு வேண்டும், அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வதிவாளராக இருந்திருக்கவும் வேண்டும். 491 விசாவில் வருபவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 191 கைக்கு வந்து, அதன் பிறகும் ஓராண்டைக் கழித்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே விளம்பரங்களை எண்ணும்போது குடியுரிமை கேட்பவற்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். நான் அவ்வாறு எண்ணாமல் விமானம் ஏறியவன்.

கணவன் மனைவி இருவரும் வேலை செய்யும் குடும்பமானால் இந்தக் கணக்கை இரண்டு முறை போட வேண்டும். எனக்கு அடிலெய்டில் ஆறு வாரங்களில் வேலை கிடைத்தது. கணக்காளரான என் மனைவிக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்தப் பதினான்கு மாதங்களில் ஊரின் அமைதி எனக்கு அமைதியாகவும் அவருக்குச் சிறையாகவும் இருந்தது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கடைசியில் அவருக்கு வேலை வாங்கித் தந்தது விண்ணப்பம் அல்ல. மகனின் பள்ளியில் கணக்கு எழுத உதவியபோது அறிமுகமான இன்னொரு தாயார். சிறிய ஊரில் வேலைச் சந்தை அப்படித்தான் இயங்குகிறது. ஒருவரின் நல்ல சொல் கதவைத் திறக்கும், ஓர் அலுவலகத்திலிருந்து மனக்கசப்போடு வெளியேறினால் அந்தச் செய்தி உங்களுக்கு முன்பே அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

செலவு என்று வரும்போது, அடிலெய்டு மலிவு என்ற பழைய பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். சிட்னியைவிட வாடகை குறைவு என்பது இன்றும் உண்மைதான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அங்கும் வாடகை வேகமாக ஏறியது, காலி வீடுகள் அரிதாயின. இரண்டு ஊர்களிலும் வாடகை வாரக் கணக்கில்தான் பேசப்படும், பொதுவாக நான்கு வார வாடகை பாண்ட் என்ற பிணைத் தொகையாகக் கேட்கப்படும், இந்நாட்டில் வாடகைக்கு இருந்த வரலாறு இல்லாத புதியவரின் விண்ணப்பம் அடியில்தான் கிடக்கும். வேலைக் கடிதமும் வங்கி இருப்புச் சான்றும் தயாராக இருந்தால் சற்று மேலே வரலாம்.

வாடகை வித்தியாசத்தோடு கணக்கை நிறுத்திவிடாதீர்கள். அடிலெய்டில் சுங்கச் சாலையே கிடையாது. சிட்னியின் மேற்கிலிருந்து தினமும் காரில் நகருக்குள் போனால் சுங்கக் கட்டணமே மாதாந்திரச் செலவுகளில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மறுபக்கம், பாரமட்டாவிலிருந்து சென்ட்ரல் நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம் என்பதால், ரயில் நிலையத்துக்கு அருகில் வாழும் சிட்னிக் குடும்பம் ஒரு காரோடு சமாளித்துவிடும். அடிலெய்டில் கிளெனெல்க் கடற்கரைக்கு டிராம் உண்டு, கோலர், சீஃபோர்டு திசைகளில் ரயில் உண்டு, வடகிழக்கே ஓ-பான் பேருந்துத் தடமும் உண்டு. அந்தத் தடங்களிலிருந்து விலகி வீடு எடுத்தால், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவது கார் தவிர்க்க முடியாதது. வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை அந்தக் கார் தின்றுவிடும்.

தமிழ்ச் சூழலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்களின் உழைப்பால் மேற்குச் சிட்னி தமிழுக்கு ஓர் உறுதியான தளமாகிவிட்டது. பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பகுதிகளில் இடியப்ப மாவு முதல் பொங்கல் பானை வரை கிடைக்கிறது. மேஸ் ஹில்லில் 1999இல் எழுந்த முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று நின்றால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். பன்னிரண்டாம் வகுப்பு எச்.எஸ்.சி. தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அடிலெய்டில் இவ்வளவு விரிவு இல்லை. ஓக்லண்ட்ஸ் பார்க்கில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்து அண்டை வீடுகளுக்குப் பங்கிடும் அக்காக்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது பத்து நாட்கள் எங்கள் அடுப்பு எரியவே இல்லை, ரசமும் பத்தியச் சாப்பாடும் முறை வைத்து வீடு தேடி வந்தன. சிட்னியில் ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு நடுவே குடிவந்து ஓராண்டாகியும், அடுத்த தெருவில் இருந்த திருநெல்வேலிக் குடும்பத்தை ஒரு மளிகைக் கடையில் தற்செயலாகத்தான் சந்தித்தோம். ஆனால் சிறிய கூட்டத்தில் இரண்டு சங்கங்களுக்கு இடையே மனத்தாங்கல் வந்தால் ஒதுங்கி நிற்க இடம் இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடிலெய்டின் நிதானம் சிலருக்கு வரம், சிலருக்குச் சோதனை. சனி, ஞாயிறு மாலை 5 மணிக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மூடிவிடும். பால் தீர்ந்துபோனதை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தால் சிறிய கடைகளைத் தேடி அலைய வேண்டியதுதான். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வறண்ட வெயில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. சூன், சூலை மாதங்களில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டி, மழை தூறி, தெருவில் ஆளரவமே இல்லாத மாலைகள்தான் புதிதாக வருபவர்களை அசைக்கின்றன. அந்த மாதங்களில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் நேரம் கூடும். அடிலெய்டுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் சரியாக நான்கு மணி நேர வித்தியாசம். அற்ப விஷயம்தான், ஆனாலும் சிட்னியின் நாலரை மணிக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பிள்ளைகளின் வயதும் இதில் சேரும். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளான செலக்டிவ் பள்ளிகளுக்காக, ஆறாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வுக்குத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் போட்டிச் சூழல் சிட்னியில் இருக்கிறது; அடிலெய்டில் நல்ல அரசுப் பள்ளிக்கு வழி, பெரும்பாலும் அதன் எல்லைக்குள் வீடு எடுப்பதுதான். எந்த ஊராக இருந்தாலும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நடுவில் மாநிலம் மாறாதீர்கள், இரு மாநிலங்களின் பாடத்திட்டங்களும் தேர்வு முறைகளும் வெவ்வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் தயக்கம் இருந்தால், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு நான்கு வாரங்கள் தற்காலிகமாகத் தங்கிப் பாருங்கள், முடிந்தால் குளிர்காலத்தில். உங்கள் துறையில் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வந்தவரின் அன்பை ஏற்றுக்கொள்ளலாம், அவர் சொல்லும் வாடகைக் கணக்கை ஏற்க வேண்டாம். பிறகு ஊர் மாறுவதாக இருந்தாலும், அடிலெய்டிலிருந்து சிட்னிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், சாமான் லாரிக்குக் கொடுக்கும் தொகை கையைக் கடிக்கும். போய்ச் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் கார்ப் பதிவையும் புதிய மாநிலத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை நாங்கள் மறந்து, நான்காவது மாதத்தில் அபராதம் கட்டினோம்.