ஓவியர் வரையும்போது கேமராவை எங்கே வைப்பது

ஓவியர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. முடிந்த ஓவியங்களை வரிசையாகக் காட்டுவது, நடுநடுவே ஓவியரைப் பேசவைப்பது, பின்னணியில் புல்லாங்குழலை ஓடவிடுவது என்று முடிந்துவிடும். முடிந்த ஓவியத்தைக் கண்காட்சியில் நேரிலேயே பார்க்கலாம். ஓவியர் எதை முதலில் போட்டார், எங்கே தயங்கினார், எதை மூடி அழித்தார் என்பதைப் படம்தான் காட்ட முடியும். அதைப் பிடிப்பதற்கான வழிமுறை இது.

முதல் இரண்டு மூன்று முறை கேமரா இல்லாமல் போங்கள். ஓவியர் எந்தக் கையால் வரைகிறார், நின்றா உட்கார்ந்தா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் நகர்ந்து பார்க்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மின்விசிறி எந்த நேரமும் ஓடுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராவின் இடத்தை இந்தக் குறிப்புதான் தீர்மானிக்கும். சத்யஜித் ராய் 1972இல் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி எடுத்தது ஏறத்தாழ இருபது நிமிடப் படம்தான். ஆனால் ராய் சாந்திநிகேதனில் அவரிடமே படித்த மாணவர். அந்தப் பழக்கம் நமக்கு இல்லாதபோது, நாள் செலவழித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டு கேமரா, இரண்டு வேலை

முதல் கேமரா ஓவியத்துக்கு. ட்ரைபாடில் பூட்டி, ஓவியத்தின் நான்கு ஓரமும் தெரியும்படி வைத்து, நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். வலக்கையால் வரைபவருக்கு வலப்பக்கம் வைத்தால் முழங்கையும் தோளும் மறைக்கும். இடப்பக்கம், அவர் தோளுக்குச் சற்று மேலே வையுங்கள். இடக்கைக்காரருக்கு நேர்மாறு. ட்ரைபாடின் மூன்று காலுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். யாராவது தட்டிவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேறு வழி இல்லை.

இரண்டாவது கேமரா முகத்துக்கு. ஓவியத்தைத் தாங்கி நிற்கும் சட்டமான ஈசலின் ஓரத்தை ஒட்டி, 85 மி.மீ. லென்ஸில், ஓவியரின் கண்களைப் பிடிக்க வேண்டும். வண்ணத்தட்டுக்கும் கித்தானுக்கும் இடையே கண் போய்வருவதும், தூரிகை பாதி வழியில் நிற்பதும்தான் படத்தின் உயிர். புதிதாக எடுப்பவர்கள் கையைத் துரத்தியே நாளை முடித்துவிடுவார்கள். எடிட்டிங்கில் வந்து உட்காரும்போது முடிவெடுக்கும் முகம் ஒரு இடத்திலும் இருக்காது.

பின்பக்கத்திலிருந்து எடுக்கும் முறையும் உண்டு. 1950இல் புகைப்படக்காரர் ஹான்ஸ் நாமுத், அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைக் கண்ணாடியின் மேல் வரையவைத்து அடியிலிருந்து படம்பிடித்தார். பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி ஜார்ஜ் க்ளூசோ 1956இல் வெளிவந்த படத்தில், பிக்காசோவின் மை தாளின் மறுபக்கம் ஊறி வருவதை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தார். கை மறைக்காது, கோடு தானாக முளைப்பது போலத் தெரியும். ஆனால் படம் இடவலம் மாறிவரும். எடிட்டிங்கில் திருப்ப வேண்டும். கண்ணாடிமேல் வரைவது பெரும்பாலான ஓவியர்களின் வழக்கமும் அல்ல. ஒரு காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே அவருடைய வேலைமுறை என்று காட்டுவது தவறு.

நீண்ட வேலையைச் சுருக்கிக் காட்ட டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து வேகமாக ஓட்டுவது) எடுப்பதானால் கணக்கு எளிது. திரையில் 10 விநாடி வேண்டும், விநாடிக்கு 25 பிரேம் என்றால் 250 படங்கள். வேலை 5 மணி நேரம், அதாவது 18,000 விநாடி. 18,000ஐ 250ஆல் வகுத்தால் 72 விநாடிக்கு ஒரு படம். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். டைம்லாப்ஸில் தயக்கம் முழுதாகக் காணாமல் போகும், எல்லா ஓவியரும் தடுமாற்றமே இல்லாதவர் போலத் தெரிவார். இதே நாளில் அரை மணி நேரமாவது உண்மையான வேகத்தில் தொடர்ந்து எடுத்திருக்க வேண்டும்.

வெளிச்சம்

ஓவியரின் வெளிச்சத்தை மாற்றாதீர்கள். அவர் வண்ணம் கலப்பது அந்த வெளிச்சத்தை நம்பித்தான். போதாவிட்டால், ஜன்னல் இருக்கும் அதே திசையிலிருந்து, அதே நிறவெப்பத்தில் (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று காட்டும் அளவு) விளக்கு சேருங்கள். பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின். நிறத்தரத்தைக் காட்டும் சி.ஆர்.ஐ. எண் 95க்குக் குறையாத எல்.இ.டி. விளக்கு. மஞ்சள் பல்பை ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஆகவே ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. வேறு எண்ணில் வைத்தால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் திரையில் பட்டைபட்டையாக ஓடும்.

தானியங்கி எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), தானியங்கி வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஓவியர் கறுப்பு பூசப் பூச, கேமரா இருட்டாகிவிட்டது என்று நினைத்து மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கும். அவர் சிவப்பைப் பரப்பினால், அதை ஈடுகட்ட நீலப்பச்சைப் பக்கம் தள்ளும். ஓவியர் செய்த மாற்றத்தைக் கேமரா அழித்துவிடுகிறது என்று பொருள். ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும் கிரே கார்டை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) கித்தானின் முன் பிடித்து ஐந்து விநாடி பதிவுசெய்யுங்கள்.

முடிந்த ஓவியத்தைத் தனியாக எடுக்கும்போது இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகைக் கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். ஓவியத்தின் நடுவில் ஒரு பென்சிலை ஓவியப் பரப்புக்குச் செங்குத்தாக நீட்டிப் பாருங்கள்: இரண்டு நிழலும் ஒரே நீளம், ஒரே அடர்த்தி என்றால் வெளிச்சம் சமம். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஓவியம் இருக்கும் அதே தளத்தில், அதன் நடு இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் லென்ஸ் வ்யூஃபைண்டரின் நடுவில் தெரிய வேண்டும். பூச்சின் மேடுபள்ளம் முக்கியமென்றால் ஒரு விளக்கை அணைத்து, மற்றதைப் பக்கவாட்டில் மிகத் தாழ்ந்த கோணத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை எடுங்கள்.

எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு தொல்லை கொடுத்தால், விளக்கின் முன் போலரைஸர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) லென்ஸில் போலரைஸர் பில்டரும் போட்டு, பில்டரைத் திருப்பினால் மினுக்கம் மறையும். இதையே தஞ்சாவூர் ஓவியத்துக்குச் செய்தால் கெட்டது: தங்கத்தாள் கறுத்துவிடும். உலோகப் பிரதிபலிப்பில் ஒளியின் துருவமுனைப்பு (அது அதிரும் திசை) மாறாமல் திரும்பி வருவதால், லென்ஸில் இருக்கும் பில்டர் அதை அப்படியே தடுத்துவிடும். தங்கம் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எனவே விளக்கை நேரடியாக அடிக்காமல், ஓவியத்தின் எதிரே பக்கவாட்டில் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, துணிமேல் விளக்கைப் பாய்ச்சுங்கள். துணியின் கோணத்தை மெல்ல மாற்றினால் தங்கம் உயிர்பெறும் இடம் கிடைக்கும்.

அருங்காட்சியகத்தில் பிளாஷ் கூடாது. தாளில் வரைந்த நீர்வண்ணத்துக்கு வழக்கமான வெளிச்ச வரம்பு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் அளவு. லக்ஸ் மீட்டரோடு போங்கள்.

திரை 16:9, ஓவியங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. திரையை நிரப்ப ஓரத்தை வெட்டாதீர்கள். முழு ஓவியத்தையும் ஓரங்களோடு ஆறு விநாடியாவது காட்டியபிறகே விவரங்களுக்குள் போங்கள். ஒரு முறையாவது ஓவியத்தின் பக்கத்தில் ஆள் நிற்கட்டும். இல்லாவிட்டால் உள்ளங்கை அளவும் சுவர் அளவும் திரையில் ஒன்றுதான்.

ஒலியும் பேச்சும்

கரிக்கோல் தாளில் உரசுவது, கத்தி வண்ணத்தைச் சுரண்டுவது, தூரிகையைத் தண்ணீரில் அலசுவது எல்லாம் தனியாகப் பதிவாக வேண்டும். மைக்கைத் தாளிலிருந்து 30 முதல் 50 செ.மீ. தூரத்தில், படத்துக்கு வெளியே வையுங்கள். சட்டையில் மாட்டும் மைக் என்றால் வரையும் கைக்கு எதிர்ப்பக்கம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லலாம், ஆனால் மே மாதத்தில் அரை மணிக்கு மேல் நிறுத்திவைப்பது கொடுமை. ஒலிக்காக மட்டும் சிறு சிறு நேரமாகக் கேளுங்கள். கிளம்பும் முன் அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

வரையும்போது கேள்வி கேட்காதீர்கள். மறுநாள், எடுத்த காட்சியை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டி, அவர் நின்ற இடங்களில் நிறுத்தி, "இந்த மஞ்சளை ஏன் மூடினீங்க?" என்று கேளுங்கள். "உங்கள் கலையின் தத்துவம் என்ன?" என்ற கேள்விக்கு ஏற்கெனவே பத்திரிகையில் சொன்ன பதில்தான் வரும். காட்சியைப் பார்த்துக்கொண்டே பேசும்போது அவரே மறந்த ஒன்று நினைவுக்கு வரும். அந்தக் குரலை, முகத்தைக் காட்டாமல், வேலைக் காட்சியின் மேல் போடலாம்.

அனுமதிக் கடிதம்

ஓவியத்தை வாங்கியவரிடம் அனுமதி பெற்றால் போதும் என்று நினைப்பது பரவலான பிழை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஓவியத்தை விற்பதால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. பொதுவாக அது ஓவியரிடமே இருக்கும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை வாரிசுகளிடம் இருக்கும். உரிமையாளரிடம் ஓவியத்தை அணுகிப் படமெடுக்க அனுமதி, ஓவியரிடம் படத்தில் சேர்க்க அனுமதி என இரண்டு கடிதம் வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் படைப்புக்கும், பின்னணியில் தற்செயலாக வரும் படைப்புக்கும் விலக்கு உண்டு. ஓவியத்தையே பொருளாக வைத்து எடுக்கும் படத்துக்கு இரண்டாவது விலக்கு உதவாது.

கடிதத்தில் காலத்தையும் நாடுகளையும் எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறாவது ஆண்டில் இணையத்தில் ஏற்றவோ வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பவோ நினைக்கும்போது மறுபடி கையெழுத்துக்கு அலைய நேரும். திரைவிழா, தொலைக்காட்சி, இணையம், கல்வி நிறுவனங்கள் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி, முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.