தென்பெருங்கடல் காற்றில் டைமெத்தில் சல்பைடை அளக்கும் முறை

அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடலில் கோடைக்காலத்தில் ஃபேயோசிஸ்டிஸ் போன்ற நுண்பாசிகள் பெருகும்போது, அவற்றின் செல்களில் உள்ள கந்தகச் சேர்மம் சிதைந்து டைமெத்தில் சல்பைடு உண்டாகிக் காற்றில் கலக்கிறது. லட்சம் கோடிப் பங்குக் காற்றில் இது 100 பங்கு இருந்தால், 2 லிட்டர் காற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது அரை நானோகிராம் அளவே. ஆதலால் விலையுயர்ந்த கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன், வாயு கருவியைச் சேரும் வழியைச் செம்மைப்படுத்துங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை.

முதலில், காற்றை உறிஞ்சும் டெஃப்லான் குழாயின் வாயைக் கப்பலின் முன்பக்கக் கம்பத்தில் உயரமாகக் கட்டுங்கள். காற்று முன்னிருந்து வீசும் நேரத்தில் மட்டுமே மாதிரி எடுங்கள். பின்காற்று வீசினால் புகைபோக்கியின் புகை குழாய்க்குள் புகுந்துவிடும்.

அடுத்து ஓசோனை நீக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கடற்காற்றில் ஓசோன் நாம் தேடும் வாயுவைவிடப் பன்மடங்கு மிகுதி. திறந்த காற்றில் இவ்விரண்டும் மிக மெதுவாகவே வினைபுரிந்தாலும், சேகரிப்புக் குழலுக்குள் செறிவடையும்போது ஓசோன் நம் மாதிரியை அழித்துவிடும், எஞ்சியதை அளந்து கடலில் வாயு குறைவு என்று நாம் தவறாக முடிவுகட்டுவோம். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்திய கண்ணாடி இழை வடிகட்டியை வழியில் வைத்தால் ஓசோன் அதிலேயே நின்றுவிடும். அளவு தெரிந்த வாயுவை அவ்வடிகட்டி வழியே செலுத்தி, இழப்பு ஏதுமில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு நாஃபியான் குழல் வழியே ஈரத்தை நீக்கி, வாயுவைப் பற்றிக்கொள்ளும் டெனாக்ஸ் என்னும் பொருளை நிரப்பிக் குளிரூட்டிய சேகரிப்புக் குழலில் காற்றை நிதானமாகச் செலுத்துங்கள். எத்தனை லிட்டர் சென்றது என்பதை ஓட்டக் கட்டுப்படுத்தியைக் கொண்டு பதிவுசெய்யுங்கள்.

இனிக் குழலைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவை வாயு நிறப்பகுப்புக் கருவியில் பிரித்து, கந்தகம் சுடரில் எரியும்போது வரும் ஒளியை அளக்கும் சுடர் ஒளி உணரியால் அளக்கலாம். இவ்வுணரியில் கந்தகம் இருமடங்கானால் குறிகை ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே, அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு கருவியைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தத்தில் ஒரே புள்ளியை நம்பாமல், குறைந்தது ஐந்து செறிவுகளிலாவது குறிகையின் வளைகோட்டை வரையுங்கள். அதற்கான வாயுவைக் கசிவுக்குழல், அதாவது உள்ளே அடைத்த டைமெத்தில் சல்பைடைச் சுவர் வழியே மெல்லக் கசியவிடும் குழல், தரும்: அதை மாறாத வெப்பநிலையில் வைத்து, குறித்த நாட்களுக்கு ஒருமுறை எடைபோட்டால், எடை குறைந்த வேகமே வாயு வெளிவந்த வேகமாகும்.

கந்தகமற்ற காற்றையும் இதே வழியில் செலுத்தி வெற்று அளவை எடுத்து, ஒவ்வொரு மாதிரியிலும் அதைக் கழியுங்கள். காற்றின் திசை, வேகம், கடல்நீரின் வெப்பநிலை ஆகியவற்றையும் மாதிரியின் நேரத்தோடு சேர்த்தே எழுதிவையுங்கள்.