ஓடியும் கொலஸ்ட்ரால் குறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதம் தவறாமல் ஓடிவிட்டு ரத்தப் பரிசோதனை செய்கிறோம். எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. "இவ்வளவு ஓடியும் பயனில்லையே" என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுவல்ல, ட்ரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு. ஓட்டம், நீச்சல், சைக்கிள் என நீண்ட நேரம் உழைத்த தசையின் நுண்குழாய்ச் சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி கூடுகிறது. ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடை உடைத்துத் தசைக்குக் கொடுப்பது அதுதான். எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ரால் சராசரியாக டெசிலிட்டருக்கு 2 அல்லது 3 மி.கி. ஏறும், எல்டிஎல் பெரும்பாலும் 3 முதல் 6 மி.கி. தான் இறங்கும். 160-ல் இருக்கும் எல்டிஎல்லை ஓடி மட்டுமே 100-க்குக் கொண்டுவருவது நடக்காத காரியம். அந்த நம்பிக்கையில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. எல்டிஎல் 190-க்கு மேல் போனால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். நன்றாக ஓடுபவருக்கும் அது வரும்.

ஞாயிறு ஒருநாள் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு மற்ற நாட்களில் உட்கார்ந்தே இருப்பதும் சரிவராது. அந்த நொதியின் பலன் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். வாரத்தில் நான்கைந்து நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம், பேச முடிகிற வேகத்தில் போதும். எச்டிஎல் உயர, வேகத்தைவிட நேரம்தான் உதவுகிறது. வாரத்துக்கு 120 நிமிடத்துக்குக் கீழே போனால் அதில் மாற்றம் தெரிவது கடினம்.

பரிசோதனை நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ட்ரைகிளிசரைடு வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரியும். ரத்தத்தின் திரவ அளவு கூடுவதால் மற்ற எண்களும் சற்று நீர்த்துப்போகும். ஓடி முடித்து, தண்ணீர் குடிக்காமல் நேராக லேபுக்குப் போனால் நேர்மாறாக எண்கள் ஏறும். ஆகவே பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் கடின ஓட்டம் வேண்டாம். ரத்தம் எடுக்கும் முன் சில நிமிடம் உட்காருங்கள். அடுத்த முறையும் இதே முறையில் எடுத்தால்தான் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியும்.

கூடவே கல்லீரல் பரிசோதனையும் செய்பவர்கள், சமீபத்தில் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். களைத்த தசையிலிருந்து சிகே என்ற தசை நொதியும், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதியும் கசியும். மாரத்தானுக்குப் பிறகு சிகே ஒரு வாரம்வரைகூட உயர்ந்திருக்கலாம். விவரம் தெரியாவிட்டால் பழி ஸ்டேட்டின் மேல் விழுந்து, தேவையான மருந்து நின்றுபோகும். ஆனால் வழக்கத்துக்கு மாறான தசைவலியோடு சிறுநீர் கருமையாகப் போனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.